தட்டில் பிடித்த வெயில்

எங்கள் பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். படம் எடுக்கிற வேலை என்னிடம் வந்து சேர்ந்ததற்குக் காரணம் என் தம்பி. வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போனவன், முதல் லீவில் வரும்போது எனக்கென்று ஒரு போன் வாங்கி வந்தான். முதுகில் மூன்று கண்களோடு இருந்த அந்தப் போனை ஸ்டாஃப் ரூம் மேசையில் வைத்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தபோது தலைமை ஆசிரியர் உள்ளே வந்தார்.

அவருக்கு வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ். இரண்டுக்கும் நடுவில் வேலி எதுவும் போட்டுக்கொள்ளாதவர். போனைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மஞ்சி போன் மேடம், நல்ல போன். போட்டோ கிளியரா வருமா?”

“வரும் சார்.”

“அப்போ இன்னைலேர்ந்து போட்டோ டியூட்டி மீதே” என்றார். உங்களுடையதுதான் என்று அர்த்தம். அதுவரை அந்த டியூட்டியைப் பார்த்துவந்த சோஷியல் சார், வாயில் இருந்த சோற்றை விழுங்காமலே எனக்குக் கை கொடுத்தார்.

எங்கள் பள்ளி சித்தூரின் ஓரத்தில், தமிழ் மீடியம் உள்ள பழைய உயர்நிலைப் பள்ளி. பிள்ளைகள் பாதிப்பேர் கங்காதர நெல்லூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் வருகிறவர்கள். நான் இருப்பது திருப்பதியில். என் கணவருக்குத் திருச்சானூரில் ஒரு லாட்ஜில் வேலை. காலையில் அவர் ஒரு பக்கம் ஷேர் ஆட்டோ ஏறுவார், நான் இன்னொரு பக்கம் சித்தூர் பஸ் ஏறுவேன்.

போட்டோ டியூட்டி என்றால், தினமும் சில படங்களை எடுத்து கல்வித்துறை ஆப்பில் ஏற்ற வேண்டும். காலைப் பிரேயர், ராகி ஜாவா என்கிற கேழ்வரகுக் கூழ் ஊற்றுவது, மத்தியானச் சாப்பாடு, அதில் வைத்த முட்டை, கழுவிய கழிப்பறை. இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். முதல் நாள் முட்டையைத் தட்டின் நட்டநடுவில் வைத்தேன். தட்டை மேசையின் நட்டநடுவில் வைத்தேன். மேசையை வெயிலுக்கு இழுத்து, வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு, நேர் மேலே குனிந்து எடுத்தேன். வட்டம், வட்டத்துக்குள் மையம். கணக்கு டீச்சருக்கு அதைவிடத் திருப்தியான உருவம் கிடையாது.

சாயங்காலம் மண்டலக் கல்வி ஆபீஸிலிருந்து போன் வந்தது. “மேடம், தட்டு இருக்கு. முட்டை எங்க?”

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முட்டை இருந்த இடத்தில் என் தலையின் நிழல், கொண்டையோடு, வெகு தெளிவாக விழுந்திருந்தது. முட்டை அதற்குள் எங்கேயோ இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து அதைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து சீட்டுப் பெண் நகர்ந்து உட்கார்ந்தாள். மறுநாள் மேசையை வராந்தா நிழலுக்குள் இழுத்துப்போட்டேன். பக்கவாட்டில் வந்த வெளிச்சத்தில் முட்டை பளபளவென்று, கையில் எடுத்துக் கடிக்கலாம் போல வந்தது. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பதை எனக்குச் சொன்னது அந்த முட்டைதான்.

அடுத்த பாடம் ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி வந்தது. தலைமை ஆசிரியர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். கொடி ஏற்றிவிட்டு, “மேடம், ஒரு மஞ்சி போட்டோ” என்று கொடிக்கம்பத்துக்கு முன்னால் நின்றார். நானும் அவரை நட்டநடுவில் நிறுத்தி எடுத்தேன். அவர் முகம் நன்றாக வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு ஸ்கூல் குரூப்பில் போட்டேன்.

போட்டதிலிருந்து குரூப்பில் ஒரே சிரிப்புப் பொம்மைகள். எனக்குப் புரியவில்லை. சோஷியல் சார்தான் வந்து காட்டினார். கம்பம் சாரின் தலை உச்சியிலிருந்து முளைத்து நேராக மேலே போயிருந்தது. அதன் நுனியில் கொடி பறந்துகொண்டிருந்தது.

தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பயந்துகொண்டே போனேன். அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி நின்றிருந்தார்.

“எங்க வீட்ல பார்த்துட்டாங்க மேடம். இருபது வருஷமா உங்க தலைல என்ன இருக்குன்னு கேட்டுக்கினே இருந்தேன், இப்போ தெரிஞ்சுபோச்சுன்னு சொல்றாங்க.”

சொல்லிவிட்டு அவரே சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். “அடுத்த தடவ எடுக்கறப்போ என்னைப் பார்க்காதீங்க, எனக்குப் பின்னாடி பாருங்க” என்றார்.

அன்றிலிருந்து எனக்கு அது ஒரு வியாதி மாதிரி ஆகிவிட்டது. யாரைப் பார்த்தாலும் அவர்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பரின் காதிலிருந்து மின்விசிறி முளைத்தது. சமையல் செய்கிற அம்மாவின் தோளில் தென்னை மரம் நின்றது. நான் ஒரு பக்கமாக நகர்ந்தால் போதும், மரம் இறங்கிப் போய்விடும். எதிரில் இருப்பவரை நகர்த்தாமல் நாம் நகர்ந்தாலே படம் மாறிவிடும் என்பது எனக்குப் பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது. அதுவரை நான் நின்ற இடத்திலிருந்தே எடுத்துக்கொண்டிருந்தேன்.

தசரா லீவில் ஒருநாள் போன் திரையில் திடீரென்று கோடுகள் விழுந்தன. நெடுக்கில் இரண்டு, குறுக்கில் இரண்டு. படம் எடுக்கப் போகும்போது மட்டும் வந்தன. தம்பி கொடுத்த போன் கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன். கணவரிடம் கொடுத்தேன். அவர் எதையோ தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“கெட்டுப்போவல. இது கட்டம். நீயே எங்கியோ அமுக்கியிருக்க. போட்டோ எடுக்கறவங்க வெச்சிக்கினு எடுப்பாங்களாம்.”

“எதுக்கு?”

“எனக்கு இன்னா தெரியும்? ரூம் கேட்டா சொல்றேன்” என்று லாட்ஜுக்குக் கிளம்பிவிட்டார்.

வீடியோக்கள் பார்த்துத் தெரிந்துகொண்டேன். படச் சட்டத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மூன்றாகப் பிரிக்க வேண்டுமாம். முக்கியமான பொருளை நடுவில் வைக்காமல் அந்தக் கோடுகளில் ஒன்றின் மேல் வைக்க வேண்டுமாம். எனக்குக் கோபம்கூட வந்தது. பாதி என்பது எவ்வளவு சுத்தமான பின்னம்! ஆறாம் வகுப்பில் முதலில் நடத்துவதே அதுதான். மூன்றில் ஒன்று என்றால் தசமத்தில் முடிவே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதை ஏன் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும்?

ஆனால் லீவு முடிந்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது, என் ஜன்னலிலேயே அந்தக் கட்டம் இருந்தது. குறுக்கே இரண்டு இரும்புக் கம்பிகள், ஜன்னலை மூன்றாகப் பிரித்தபடி. எத்தனை வருடமாக அந்தக் கம்பிகளில் தலை சாய்த்துத் தூங்கியிருக்கிறேன்! சந்திரகிரி வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். கொஞ்சம் குனிந்து மலையைக் கீழ்க்கம்பியில் உட்கார வைத்தால் வானம் பெரிதாக, மலை தூரத்தில் தூங்குகிற மாதிரி இருந்தது. நிமிர்ந்து மேல்கம்பியில் உட்கார வைத்தால் வயலும் ரோடும் ஆடு ஓட்டிப் போகிறவரும் முன்னால் வந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் வைத்தால் வானமும் மண்ணும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. எதைப் பற்றிச் சொல்லப்போகிறாய் என்று அந்த ஜன்னல் என்னைக் கேட்கிற மாதிரி இருந்தது.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு நான் குனிவதும் நிமிர்வதுமாக இருப்பதைப் பார்த்து, பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா கேட்டாள்: “இன்னாம்மா, கண்ணுல தூசி பூந்துகிச்சா? ஊதட்டுமா?”

இப்படி அந்த வருடம் முழுக்க நானாகவே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டேன். ஆப்புக்குப் போகிற படங்களை யாரும் ரசிப்பதில்லை. முட்டை இருக்கிறதா, பிள்ளைகள் இருக்கிறார்களா, அவ்வளவுதான். ஆனால் நான் ரசித்தேன். கழிப்பறைக் கதவு ஒன்று திறந்திருக்க, ஈரத் தரையில் வானம் தெரிகிற படம் ஒன்றை எடுத்து அனுப்பினேன். அதற்கும் வழக்கம்போல ஒரு டிக் விழுந்தது.

ஏப்ரல் மாதம் தலைமை ஆசிரியர் என்னை அழைத்தார். அடுத்த வருடத்துக்கு அட்மிஷன் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊருக்குள் போகிற ரோடு பிரிகிற இடத்தில் பெரிய ஃபிளெக்ஸ் ஒன்று வைக்கலாம் என்று ஸ்டாஃப் எல்லோரும் பேசியிருந்தோம்.

“படம் உங்க பொறுப்பு. பார்த்தா பிள்ளைங்களைக் கொண்டுவந்து சேர்க்கணும்னு தோணணும்.”

முதலில் கட்டடத்தை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஸ்பெஷலாக வந்து, காலை வெளிச்சத்தில், ஆளே இல்லாமல், ஒரு கோடு கோணாமல் எடுத்தேன். தலைமை ஆசிரியருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஸ்டாஃப் ரூமில் காட்டினேன். சோஷியல் சார் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கு மேடம். எப்போ மூட்டை எறக்கறாங்க?” என்றார். குடோன்தான் அது. பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கூடம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் குடோன்தான்.

பிள்ளைகளை வைத்து எடுக்கலாம் என்று வகுப்புக்குள் போனேன். போனைத் தூக்கிய நிமிடம் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தடுப்பூசிக்கு வரிசையில் நிற்கிற மாதிரி உட்கார்ந்தார்கள். “சிரிங்கடா” என்றேன். பல்லைக் காட்டினார்கள். கண் மட்டும் அப்படியே இருந்தது.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு குழாயடியில் அதைப் பார்த்தேன். எங்கள் பள்ளியில் சாப்பிட்ட தட்டைப் பிள்ளைகளே கழுவி வைப்பார்கள். குழாய் வரிசை வெயிலில் இருக்கும். அதற்கு எதிரே சயின்ஸ் ரூமின் நீளச் சுவர், புங்க மரத்து நிழலில். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, ஒல்லியானவள், ரிப்பன் அவிழ்ந்து தோளில் தொங்க, கழுவிய தட்டைச் சாய்த்துச் சாய்த்து வெயிலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தட்டிலிருந்து புறப்பட்ட வெளிச்சம் எதிர்ச்சுவரில் வட்டமாக விழுந்து ஓடியது. மூன்று சின்னப் பிள்ளைகள் அதைப் பிடிக்கச் சுவரில் தாவித் தாவிக் குதித்தார்கள். எட்டுகிற நேரத்தில் அவள் தட்டை அசைப்பாள், வட்டம் மேலே ஏறிவிடும்.

போனை எடுத்து ஓடினேன். கிட்டப் போய் அவளை எடுத்தேன். படத்தில் அவள் இருந்தாள், தட்டு இருந்தது. சுவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. எதைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்றே தெரியவில்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பி எடுத்தேன். மூன்று பேர் காரணமில்லாமல் சுவரை அடித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் அவள் என்னைப் பார்த்துவிட்டாள். தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, “சாரி மேடம்” என்றாள்.

“எதுக்குடி சாரி? செய்.”

செய்யவில்லை. அட்டென்ஷனில் நின்றாள்.

மறுநாளிலிருந்து மத்தியானம் சாப்பிட்டதும் நான் குழாயடிக்குப் போய் நிற்க ஆரம்பித்தேன். போனைக் கையில் வைத்திருப்பேன், எடுக்க மாட்டேன். முதலில் பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் வரிசையாகப் போனார்கள். பிறகு என்னைத் தாண்டிப் போனார்கள். அப்புறம் என்மேல் தண்ணீர் தெறிக்கிற அளவுக்குப் பழகிவிட்டார்கள். அந்த நாட்களில் எனக்கு வேறு வேலை இருந்தது. எங்கே நின்றால் அவளும் சுவரும் சேர்ந்து வருவார்கள் என்று தேடினேன். பின்னால் போனேன், இன்னும் பின்னால் போனேன். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு குதிகாலில் இடித்தது. அதன்மேல் ஏறி உட்கார்ந்தேன். அங்கிருந்து எல்லாம் தெரிந்தது. இடது ஓரம் குழாய், வலது ஓரம் சுவரின் கோடி, நடுவில் அகலமான வெறும் சுவர்.

ஒருநாள் அவள் மறுபடி தட்டைச் சாய்த்தாள். நான் தொட்டிமேல் இருப்பதை மறந்திருந்தாள். வட்டம் வெறும் சுவரில் நீந்திப் போனது. மூன்று பேரும் தாவினார்கள். ஒரு பையன் சுவரில் அப்பியபடி இரண்டு கால்களும் தரையில் படாமல் மேலே இருந்தான். அவன் விரல்களுக்கு ஒரு சாண் மேலே வெளிச்சம். இந்தக் கோடியில் அவள், உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு. அழுத்தினேன்.

தொட்டிமேல் உட்கார்ந்தே படத்தைப் பார்த்தேன். நடுவில் ஒன்றுமே இல்லை. ஆனால் எல்லாமே அந்த நடுவைத் தாண்டித்தான் நடந்துகொண்டிருந்தது.

தலைமை ஆசிரியர் படத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

“பாகுந்தி மேடம். ரொம்ப நல்லா இருக்கு. ஆனா தட்டு கழுவறதை ரோட்ல வைக்க முடியுமா? பிள்ளைங்கள வேலை வாங்கறாங்கன்னு பேசுவாங்க.”

அது நியாயமான பயம்தான். அதோடு அந்தப் பெண்ணின் வீட்டில் கேட்காமல் வைக்கவும் கூடாது. தாவுகிற பிள்ளைகள் மூவரும் சுவரைப் பார்த்து நின்றதால் முகம் தெரியவில்லை. அவள் முகம்தான் தெரிந்தது. அவள் அம்மாவை வரச் சொல்லி அனுப்பினோம். மாம்பழக் கூழ் ஃபேக்டரி வேலை தொடங்கும் சமயம் அது. அந்த அம்மா வேலைக்குப் போகிற வழியில், தலையில் துணி கட்டியபடியே வந்து தலைமை ஆசிரியர் ரூம் வாசலில் நின்றார்.

“எம்பொண்ணு இன்னா பண்ணா டீச்சர்?”

“ஒன்னும் பண்ணலைம்மா. உக்காருங்க.” போனைக் கொடுத்தேன்.

வாங்கிப் பார்த்தார். முகம் சுருங்கியது. “இன்னா டீச்சர் இது! ரிப்பனு அவுந்துகினு தொங்குது. தல பரட்டையா கீது. நான் காலைல எண்ண வெச்சி ரெட்ட ஜட போட்டுத்தானே அனுப்பறேன்? இதப் போயி ரோட்ல மாட்டுவீங்களா? ஊர்ல இருக்கறவங்க எல்லாம் அம்மாக்காரி இன்னா பண்ணிக்கினு கீறாள்னு கேக்க மாட்டாங்க?”

தட்டு விஷயத்தை எப்படி எடுப்பது என்று தெரியாமல் தலைமை ஆசிரியரே மெதுவாகக் கேட்டார்: “அம்மா, தட்டு கழுவறது பத்தி ஒன்னும் இல்லையா உங்களுக்கு?”

“அதுல இன்னா சார்? துன்ன தட்டக் கழுவறா. ஊட்லயும் அவதான் கழுவறா, அவ அண்ணனும் கழுவறான். கழுவலைன்னாதான் சொல்லணும். தலதான் சார், தல.”

தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்தார். அவர் பயம் அங்கேயே தீர்ந்துவிட்டது.

“நாளைக்கு நல்லா சீவி அனுப்பறேன். இன்னொன்னு எடுங்க. ரெண்டையும் பாத்துட்டுச் சொல்றேன்” என்றார் அந்த அம்மா.

மறுநாள் அவள் பச்சைப் பாவாடை, ரெட்டை ஜடை, இரண்டிலும் மல்லிகை, முகத்தில் பவுடர் என்று வந்தாள். வகுப்பே எழுந்து நின்று பார்த்தது. அதே சுவருக்கு முன்னால் நிறுத்தினேன். எங்கே பார்க்க வேண்டும் என்று கேட்டாள். என்னைப் பார் என்றேன். கையைப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, கண்ணிமைக்காமல் பார்த்தாள். எடுத்தேன்.

சாயங்காலம் அம்மா வந்தார். இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிக் காட்டினேன். போனை வாங்கிக்கொண்டார். விரலால் ஜடை போட்ட படத்தைத் தள்ளுவார், தட்டுப் படம் வரும். அதைத் தள்ளுவார், ஜடை வரும்.

“இது எம்பொண்ணு” என்றார், ஜடைப் படத்தைக் காட்டி. பிறகு இன்னொன்றுக்குத் தள்ளி, “இதுவும் அவதான். ஊட்ல இப்டித்தான் ஆடிக்கினு இருப்பா. நான் திட்டிக்கினே இருப்பேன்” என்று சிரித்தார். “ரோட்டுக்கு இத வெச்சிக்கோங்க. பசங்க இருக்கற ஸ்கூலு மாதிரி கீது. ஊட்டுக்கு அத போட்டுக் குடுங்க, பிரேம் போட்டு.”

எனக்கு விறைப்பாகத் தோன்றிய படம் அவருக்கு வீட்டுச் சுவருக்கு ஏற்ற படம். அவர் தவறாகத் தேர்ந்தெடுத்ததாக அப்போதும் எனக்குத் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை. காலையில் சீக்கிரம் எழுந்து, எண்ணெய் வைத்து, பூக்கட்டி அனுப்பிய கை அந்தப் படத்தில்தான் இருந்தது. சித்தூரில் ஒரு ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு, கண்ணாடி ஃபிரேமோடு கொடுத்தேன்.

ஃபிளெக்ஸ் அடிக்கும் கடை திருப்பதியில் எங்கள் வீட்டுக்குப் பக்கம். அங்கே கம்ப்யூட்டரில் டிசைன் செய்கிற பெண் திருத்தணியிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவள். வெகு சுறுசுறுப்பு. படத்தை அனுப்பிவிட்டு சனிக்கிழமை சாயங்காலம் போனபோது அவள் வேலையையே முடித்திருந்தாள்.

“பாருங்க மேடம், சூப்பரா வந்திருக்கு.”

பார்த்தேன். நடுச்சுவரில் ஒரு ராக்கெட் கிளம்பிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஸ்டெதாஸ்கோப் போட்ட டாக்டர். மேலே சூரியோதயம், ஓரத்தில் கோபுரம், கீழே பலூன்கள். ஃபிளெக்ஸ் அளவுக்கு அகலமாக இழுத்திருந்ததால் ஒல்லிப் பெண்ணும் தாவுகிற பிள்ளைகளும் பந்து பந்தாக ஊதியிருந்தார்கள்.

“ஏம்மா, பசங்க எல்லாம் குண்டாயிட்டாங்களே?”

“சாப்பாடு நல்லா போடறாங்கன்னு நெனைப்பாங்க மேடம்” என்றாள், சிரிக்காமல்.

நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் பிள்ளைகளை இளைக்க வைத்தோம். பிறகு பலூன் போனது. கோபுரத்தை நான் கும்பிட்டுவிட்டு எடுக்கச் சொன்னேன். டாக்டர் போனார். ராக்கெட்டில் அவள் பிடிவாதமாக இருந்தாள்.

“அத எடுத்துட்டா நடுவுல காலியா இருக்கும் மேடம்.”

“காலியாத்தான் இருக்கணும்.”

“காசு குடுத்து அடிக்கறீங்க, காலியா வுடறதுக்கா? எங்க ஓனர் பார்த்தா வேல முடிக்கலன்னு சொல்வாரு.”

ராக்கெட்டை எடுத்தாள். அப்போதுதான் கவனித்தேன், சுவரில் வெளிச்ச வட்டத்தைக் காணோம். பிள்ளைகள் ஒன்றுமில்லாததை நோக்கித் தாவிக்கொண்டிருந்தார்கள்.

“இங்க ஒரு வட்டம் இருந்துதே?”

“அந்த வெள்ளக் கறையா? நான்தான் அழிச்சேன். எவ்ளோ நீட்டா பண்ணியிருக்கேன் பாருங்க, தெரியவே இல்ல.”

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. என் போனில் இருந்த படத்தை அவளிடம் நீட்டி, விரலைத் தட்டில் வைத்தேன். அங்கிருந்து மெதுவாக வெறும் சுவரைத் தாண்டி, வட்டம் வரைக்கும் இழுத்தேன். அவள் கண் என் விரலோடு வந்தது. வட்டத்தில் நின்றது. திரும்பப் பெண்ணிடம் போனது.

“அய்யோ!” என்று வாயில் கை வைத்தாள். “இவ தட்டுலேர்ந்து அங்க போவுதா! அதைப் புடிக்கத்தான் குதிக்கறாங்களா!” நாற்காலியைச் சுழற்றிப் பின்னால் இருந்த பிரிண்டர் ஆளையும் கூப்பிட்டாள். “அண்ணா, இங்க வந்து பாருண்ணா!”

அழித்ததைத் திரும்பக் கொண்டுவந்தாள். அதற்குப் பிறகு நடுச்சுவரில் எதையும் வைக்க அவளே விடவில்லை. பள்ளியின் பெயரைக் கீழே ஒரு வரியில் போட்டோம். அப்போது தலைமை ஆசிரியர் போன் செய்தார்.

“மேடம், அந்தா பாகுந்தா? எல்லாம் நல்லா இருக்கா? என் போட்டோ எங்க வெச்சிருக்கீங்க?”

எனக்கு அது ஞாபகமே இல்லை. நடுவில்தான் இடம் இருக்கிறதே என்று அவரும் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. டிசைன் பெண் என் கையிலிருந்து போனை வாங்கி, “சார், நடுவுல வெச்சா பசங்க உங்கமேல குதிக்கற மாதிரி இருக்கும் சார். கீழ ஓரமா, பேருக்குப் பக்கத்துல, ஸ்டாம்ப் மாதிரி நீட்டா வெக்கறேன்” என்றாள். “சரே, சரே” என்று தலைமை ஆசிரியர் ஒத்துக்கொண்டார்.

ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன்பே ஃபிளெக்ஸ் ரோடு பிரிகிற இடத்தில் ஏறியது. மாங்காய் லாரிகள் வரிசையாக ஃபேக்டரிக்குக் காத்து நிற்கிற இடம் அது. லாரிக்காரர்கள் இறங்கி நின்று வேறு வேலை இல்லாமல் அதைத்தான் பார்த்தார்கள். அதற்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர், அந்த வெளிச்சத்தை எந்தப் பிள்ளை முதலில் பிடிக்கும் என்று அங்கே தினமும் விவாதம் நடப்பதாகச் சொன்னார்.

பள்ளி திறந்த வாரம் ஒருவர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஐந்தாம் வகுப்பு முடித்தவள். அவரைப் பேசவிடாமல் அவளே கேட்டாள்: “நைனா, கேளு நைனா. அந்த அக்கா எங்கன்னு கேளு.”

“எந்த அக்கா?” என்றேன்.

“அந்த போர்டுல தட்டு வெச்சிக்கினு இருக்கற பொண்ணு, மேடம்” என்றார் அப்பா. “வேற ஸ்கூல்ல சேக்கலாம்னுதான் இருந்தேன். இவ லீவுல பஸ்ல வரும்போதெல்லாம் அதைப் பாத்துட்டு, அந்த அக்கா பக்கத்துலதான் உக்காருவேன்னு ஒரே அடம்.”

அந்த அக்கா எட்டாம் வகுப்புக்குப் போயிருந்தாள். இவள் ஆறாம் வகுப்பு. பக்கத்தில் உட்கார வழியில்லை என்று சொன்னேன். அவள் முகம் விழுந்தது. “மத்தியானம் சாப்பிடும்போது உக்காரலாம்” என்றேன். யோசித்துவிட்டு, சரி என்று தலையாட்டினாள். அந்த வருடம் பயந்த அளவுக்கு அட்மிஷன் குறையவில்லை. ஓரத்தில் இருந்த தன் படத்தைப் பார்த்து நம்பிக்கை வந்துதான் ஜனங்கள் வருகிறார்கள் என்று தலைமை ஆசிரியர் ஸ்டாஃப் ரூமில் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் மறுக்கவில்லை.

புதிதாகச் சேர்ந்தவளின் முதல் நாள் மத்தியானம், அவளும் அந்த அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தட்டைக் கழுவினார்கள். வானம் மூடியிருந்தது. ஈரத் தட்டுகளைப் பிடித்துக்கொண்டு இருவரும் குழாயடியில் நின்றார்கள். பெரியவள் தட்டை எப்படிச் சாய்க்க வேண்டும் என்று வெயில் இல்லாமலே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் தொட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். மணி அடிக்கும் நேரம் வந்துவிட்டது. தலைமை ஆசிரியர் வராந்தாவுக்கு வந்து அட்டெண்டரைத் தேடியவர், எங்களைப் பார்த்து, அண்ணாந்து மேகத்தைப் பார்த்தார். அட்டெண்டர் சுத்தியோடு வந்ததும், “கொஞ்சம் இரு” என்றார்.

மேகம் விலகியது. சின்னவளின் தட்டிலிருந்து வெளிச்சம் கோணலாகப் புறப்பட்டு, சுவரைத் தொடாமல் வராந்தாவுக்குப் போய், தலைமை ஆசிரியரின் வெள்ளைச் சட்டையில் ஏறி, முகத்தில் விழுந்தது.

“சாலு, சாலு, போதும்” என்று கையால் கண்ணை மறைத்துக்கொண்டு சிரித்தார். அட்டெண்டரைப் பார்த்துத் தலையசைத்தார். மணி அடித்தது. நான் தொட்டியிலிருந்து இறங்கி, புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, ஆறாம் வகுப்புக்குப் பின்னங்கள் நடத்தப் போனேன்.